இடது காலுக்கு ஓர் உபாத்தியாயர்

1952-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி, ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில், பெரும்பாலும் வெறுங்காலுடனேயே மைதானத்தில் இறங்கிய இந்தியக் கால்பந்துக் கோஷ்டி, யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. முந்தின ஆண்டு மார்ச் மாதத்தில்தான், புது தில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றிருந்தது இந்தியா. அந்த வெற்றியின் போதும் இந்தத் தோல்வியின் போதும் கோஷ்டியின் பயிற்சியாளராக இருந்தவர் ஒருவரே. தோல்விக்குப் பிறகு, இனி பூட்ஸ் அணியாமல் ஆடக் கூடாது என்று இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதி வகுத்தது. வகுக்க வேண்டியதுதான், அதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் காலில் எதை மாட்டுவது என்ற கேள்வியோடு விஷயத்தை முடித்துக்கொள்ளாமல், அந்தக் கால் என்ன செய்யக் கற்றிருக்க வேண்டும் என்ற கேள்விக்குள் இறங்கி, நான்கே வருஷத்தில் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸின் அரையிறுதி வரை இந்தியாவைக் கொண்டுபோன அந்தப் பயிற்சியாளரைப் பற்றி, ஸையத் அப்துல் ரஹீம் என்ற ஹைதராபாத் பள்ளி ஆசிரியரைப் பற்றி, இந்த அந்தமான் தீவிலிருந்து எழுத வேண்டும் என்பது என் வெகுநாள் எண்ணம்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்தார். அங்கே பந்தும் ஆடினார். பட்டம் பெற்ற பின் அவர் தேர்ந்துகொண்டது வகுப்பறையை. காச்சிகூடா, சாதர்காட் முதலிய இடங்களில் உள்ள பள்ளிகளில் பாடம் சொன்னார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமா பெற்று அந்தப் பொறுப்பையும் ஏற்றார். 1943-இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950-இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டியின் பயிற்சி அவர் கைக்கு வந்தது. இந்த இரண்டையும் அவர் சாகும்வரை விடவில்லை. அந்தப் போலீஸ் கோஷ்டி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது என்பதையும், கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் தங்கள் உரிமைச் சொத்தாக நினைத்திருந்த ஆட்டத்தில் தக்காணத்துக் கான்ஸ்டபிள்கள் வந்து நின்றது அந்நாளில் எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். கோப்பைகளின் ஜாபிதா எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு மனிதன் ஒரு கலையில் புதுமை செய்தான் என்றால், அந்தப் புதுமை எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று கேட்பது நம் வழக்கமில்லை. அதன் பலனாக வந்த பதக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, அதை விளைவித்த நாள்தோறுமான உழைப்பை மறந்துவிடுகிறோம். ரஹீமைப் பற்றி 2024-இல் வெளிவந்த 'மைதான்' என்ற இந்திப் படத்தை, இந்தி எல்லோருக்கும் பொதுப் பேச்சாக விளங்கும் இந்த அந்தமானிலும் பலர் பார்த்தார்கள். 1962 ஆசியப் போட்டியின் ஜகார்த்தா வெற்றியின் போது கண் கலங்கினார்கள். கலங்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த வெற்றிக்குப் பல வருஷங்களுக்கு முன்பே, ஹைதராபாத்தின் புழுதி மைதானங்களில், சிறு பையன்களுக்காக அவர் ஏற்படுத்திய சின்னச் சின்னப் பந்தயங்களில்தான் அவருடைய மேதை முழுதாக இருக்கிறது என்பது என் துணிபு.

அவற்றில் ஒன்று, டிரிப்பிளிங் செய்யக் கூடாத பந்தயம். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஒருவரைத் தாண்டி, இன்னொருவரைத் தாண்டிப் போவது இந்திய ஆட்டக்காரனுக்குப் பரம்பரை ஆனந்தம். வெறுங்காலுக்குப் பொருத்தமான அந்த வித்தையைக் கண்டு கைதட்டியே நம் ஜனங்கள் பழகியிருந்தார்கள். ரஹீம் அதை விலக்கி ஒரு பந்தயம் வைத்தார்: பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும். கேட்பதற்கு அற்பமான விதி. இதன் உள்ளே நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வந்த பந்தை வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று ஆனவுடன், அந்தப் பையன், பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துத் தீர வேண்டியவனாகிறான். மற்றப் பையன்களோ, பந்து தங்களிடம் இல்லாத நேரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றால் பந்து தங்களைத் தேடி வராது என்பதை ஐந்து நிமிஷத்தில் கண்டுகொண்டு, காலியான இடத்தை நோக்கி ஓடத் தொடங்குகிறார்கள். பந்து இல்லாதவன் செய்யும் ஓட்டமே கால்பந்தாட்டத்தின் பெரும்பகுதி என்ற பேருண்மையை, ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல், ஒரே ஒரு விலக்கின் மூலம் குழந்தைகளின் உடம்புக்குள் இறக்கிவிடுகிறது அந்த விதி. பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு இதைச் சொல்லித் தர முற்பட்டால் ஒரு வருஷம் ஆகும். அப்போதும் புரிந்தவர்கள் தலையைத்தான் ஆட்டுவார்கள், கால் பழையபடியே இருக்கும்.

இன்னொன்று, பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டிய பந்தயம். வலது கால்காரன் இடது காலால், இடது கால்காரன் வலது காலால். இங்கே எங்கள் பத்துபஸ்தியில் நான் மாலையில் நடக்கப் போகும் வழியில் ஒரு சரிவான திடல் இருக்கிறது. மழை பெய்தால் கீழ்ப்பக்கக் கோல் இருக்கும் இடம் சேறாகிவிடும், ஆகவே பையன்கள் பாதி ஆட்டத்தில் கட்டாயம் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். தமிழ்ப் பையன், வங்காளிப் பையன், தெலுங்குப் பையன், ராஞ்சிக்காரர் வீட்டுப் பையன் எல்லோரும் "பாஸ் தே, பாஸ் தே" என்று ஒரே இந்தியில் கத்துவார்கள். அவர்களில் ஒருவன், மெலிந்த, நீண்ட காலுள்ள பையன், வலது பக்கமாகப் பந்தோடு புறப்பட்டால் அவனை நிறுத்த ஆள் கிடையாது. ஆனால் தடுப்பவன் ஒருவன் சாமர்த்தியமாக அவனை இடது பக்கம் திருப்பிவிட்டால் போதும், அந்தப் பையனின் உடம்பு முழுவதும் ஒரு கணம் ஸ்தம்பித்து நிற்கிறது. இடது காலில் வந்த பந்தை வலது காலுக்கு மாற்றிக்கொள்ள அவன் எடுக்கும் அந்த அரை அடிக்குள் பந்து பறிபோய்விடுகிறது. அந்த அரை அடிதான் ரஹீமின் கண்ணில் பட்டிருக்கிறது. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களிடமும் அந்த அரை அடி இருந்தது. ஐரோப்பியர் அதற்காகவே காத்திருந்தார்கள்.

இந்தப் பந்தயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. திடலின் ராஜாவாக விளங்கும் பையன், பலவீனமான காலுக்குத் தள்ளப்பட்டதும், எல்லோரையும் போலத் தடுமாறுகிறான். இத்தனை நாள் ஓரமாக நின்றவனுக்கும் அவனுக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்துபோகிறது. கெட்டிக்காரனுக்குத் தன் குறை தெரிகிறது, மந்தமானவனுக்குத் தைரியம் வருகிறது. பல வருஷம் வகுப்பறையில் நின்று, முன் பெஞ்சையும் கடைசிப் பெஞ்சையும் ஒரே பார்வையில் அளக்கப் பழகிய ஒருவருக்குத்தான் இப்படி ஒரு பந்தயம் தோன்றும் என்று நினைக்கிறேன். உயரத்தை வைத்துப் பையன்களைப் பிரித்துப் போட்டி நடத்தும் முறையும் அவரிடம் இருந்தது; வயதுச் சான்றிதழை நம்ப முடியாத ஒரு தேசத்தில், குள்ளமான பையன் ஒருவன் நெட்டையர்களிடம் மிதிபட்டு ஆட்டத்தையே விட்டுவிடாமல் காக்க இதைவிட நேர்மையான வழி எது?

சிறுவர்களுக்கு அமைத்த இந்த அடித்தளத்தின் மீதுதான் பெரியவர்களுக்கான வியூகத்தை அவர் கட்டினார். அந்நாளில் ஹங்கேரி நாட்டார் கால்பந்தின் இலக்கணத்தையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். எதிரியின் கோலுக்கு முன்னால் கொடிமரம் போல் நிற்க வேண்டிய சென்டர் பார்வர்டைப் பின்னால் இழுத்து நடு மைதானத்தில் ஆட விட்டார்கள். அவனைக் காவல் காக்க வேண்டிய எதிரணித் தடுப்பாளன், கூடவே போனால் பின்னால் வாசல் திறந்துகொள்ளும், போகாவிட்டால் முன்னால் இருப்பவன் சுதந்திரமாக நின்று பந்தை விநியோகிப்பான் என்ற தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டான். 1953 நவம்பரில் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என்று ஹங்கேரி வென்றது இப்படித்தான். பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர் என்ற அமைப்பைப் பிரேசில் 1958-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் உலகறியச் செய்தது. ஐவர் வரிசையாக முன்னால் ஓடும் பழைய முறையிலேயே ஆசியா ஆடிக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் புது வழிகளைக் கவனித்து இந்திய ஆட்டக்காரருக்கு ஏற்றபடி முதலில் பழக்கியவர்களில் ரஹீம் தலையாயவர். வியூகத்தைக் காகிதத்தில் பார்த்து எழுதிக்கொள்வது பெரிய காரியமில்லை. பந்தை வைத்துக்கொண்டு மயங்குகிற ஆட்டக்காரர்களைக் கொண்டு அதை நடத்த முடியாது என்று அறிந்து, முதலில் ஆட்டக்காரனை மாற்றியதுதான் பெரிய காரியம்.

மெல்போர்னில் ஹங்கேரி தன் நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் காரணமாக விலகிக்கொள்ள, இந்தியா அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தது. நான்குக்கு இரண்டு என்று வென்றது. நெவில் டிசூஸா மூன்று கோல் போட்டார், ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் தடவை. நான்காவது கோல், கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமியுடையது. அரையிறுதியில் எதிரே வந்தது அதே யூகோஸ்லாவியா. இடைவேளைக்குப் பின் டிசூஸா அடித்த கோலால் இந்தியா முன்னணியில் இருந்தது. அந்தச் சில நிமிஷங்களை நினைத்துப் பார்க்கையில், ஹெல்சிங்கியின் பத்து கோல்களை வாங்கிய தேசம்தானா இது என்று எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது. பிறகு நான்கு கோல்கள் விழுந்து தோற்றோம்; மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்றோம். நான்காவது இடம். அதற்கு மேலே இந்தியா ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் போனதில்லை. 1960-இல் ரோமில் ஹங்கேரியிடம் ஒன்றுக்கு இரண்டு என்றே தோற்று, பிரான்சுடன் சமன் செய்த கோஷ்டியும் அவருடையதுதான். அதன் பிறகு ஒலிம்பிக்ஸ் கால்பந்து மைதானத்தில் இந்திய ஆடவர் கால் பட்டதே இல்லை.

அவருடைய ஆட்டக்காரர்களில் நம்மவர்கள் சிலர் உண்டு. செகந்தராபாத்தின் அம்முகூடா கிராமத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். ஹைதராபாத் வரை தினமும் பயிற்சிக்கு வந்துபோகக் கையில் காசில்லை என்று சொன்ன அந்தப் பையனுக்கு, வாடகைச் சைக்கிளுக்கான பணத்தை ரஹீமே கொடுத்து வரவழைத்தார் என்பது பலராம் வாழ்க்கையைப் பேசுவோரெல்லாம் சொல்லும் செய்தி. சைக்கிள் வாடகை எவ்வளவு அற்பம்; அது கிடைக்காமல் எத்தனை பலராம்கள் தங்கள் ஊர்த் திடலிலேயே நின்றுவிட்டிருப்பார்கள்! பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, முதலில் முன்வரிசையில் ஆடி, வெல்லிங்டனிலுள்ள மதறாஸ் ரெஜிமெண்ட் கோஷ்டியில் சேர்ந்து, ஆசியாவின் மிகச் சிறந்த கோல் கீப்பர் என்ற பெயர் எடுத்தவர். தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ் ரோம் ஒலிம்பிக்ஸ் கோஷ்டியில் இருந்தவர். பிற்பாடு 1973-இல் கேரளம் முதல் முறையாக ஸந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்தக் கோஷ்டிக்குப் பயிற்சியளித்தவர் அவரே. கொச்சியில் அன்று கொண்டாடிய கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வெற்றியின் பின்னால் ரஹீமிடம் ஆடிக் கற்ற ஒருவர் நிற்கிறார் என்று நினைத்திருப்பார்களோ தெரியாது. ஆனால் வித்தை அப்படித்தான் பெயர் சொல்லாமல் கைமாறிப் போகிறது.

ஜகார்த்தாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1962-ஆம் ஆண்டு ஆசியப் போட்டிக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை எதிர்த்து இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி பேசியதால், அந்த ஊர் ஜனங்களின் கோபம் முழுவதும் இந்தியக் கோஷ்டி மீது திரும்பியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோலில் தோல்வி. பின்னர் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று அரையிறுதிக்கு வந்த வேளையில், தடுப்பு வரிசையின் தூணான ஜர்னயில் சிங்கின் தலையில் தையல் போடும்படியான காயம். ரஹீமுக்குள்ளேயோ புற்றுநோய் வளர்ந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் அவர் எடுத்த முடிவைத்தான் நான் அவருடைய ஆசிரியத் தொழிலின் சிகரம் என்பேன். காயம்பட்ட தலையோடு தடுப்பு வரிசையில் நின்று முட்ட முடியாத ஜர்னயிலை வெளியே உட்கார வைக்காமல், கல்லூரி நாட்களில் அவர் முன்வரிசையில் ஆடியவர் என்பதை ஞாபகம் வைத்திருந்து, சென்டர் பார்வர்டாக மாற்றி இறக்கினார். ஒரு மாணவன் முன்பு எந்த வகுப்பில் எதில் தேறினான் என்பதை ஆசிரியர் மறப்பதில்லை. தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஜர்னயில் ஒரு கோல் போட்டார், தலைவர் சூனி கோஸ்வாமி இரண்டு.

செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென் கொரியா. சுற்றிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராக. அதற்கு முன்பு கோலைக் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாக, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை ரஹீம் நிறுத்தினார். கொரியர்கள் உயரமாகத் தூக்கி அடிக்கும் பந்துகளுக்கு அந்த நெடிய உருவம் வேண்டும். பதினேழாவது நிமிஷத்தில் பி. கே. பானர்ஜி, இருபதாவது நிமிஷத்தில் கட்டுப் போட்ட தலையோடு ஜர்னயில். கடைசியில் கொரியா ஒன்று திருப்பியது. இரண்டுக்கு ஒன்று. ஹாக்கி இறுதியில் நம்மை வென்றிருந்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் அன்று கூட்டத்தில் உட்கார்ந்து இந்தியாவுக்காக ஆரவாரித்தார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எதிர்ப்புக் கடலின் நடுவே அந்தச் சிறு குரலை நம் பையன்கள் மறக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் காலமானார், வயது 53. நுரையீரல் நோயால் பலராமும் அதே 1963-இல் இருபத்தேழாவது வயதுக்குள் ஆட்டத்தை விட்டார். 1964-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970-இல் பாங்காக்கில் வெண்கலம். ஏற்றப்பட்ட சக்கரம் கொஞ்ச காலம் தானே சுழன்றது, அவ்வளவுதான். ஆசியப் போட்டியில் மறுபடி தங்கம் கிட்டவில்லை. ரஹீமோடு இந்தியக் கால்பந்தும் மண்ணுக்குள் போயிற்று என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. அந்தத் துக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அது பழியை மரணத்தின் மேல் போட்டுவிட்டு உயிரோடிருப்பவர்களை விடுவித்துவிடுகிறது. பி. கே. பானர்ஜி பயிற்சியாளரானார், சுந்தரராஜ் ஆனார், ரஹீமின் மகன் ஷாஹித் ஹகீம் ரோம் ஒலிம்பிக்ஸ் கோஷ்டியில் இடம் பெற்றுப் பின்னர் சர்வதேச நடுவராக விளங்கினார். வித்தை அறிந்தவர்கள் இருக்கத்தான் இருந்தார்கள். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு ஸ்தாபனம் 1961-லேயே திறக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு ஜில்லாவின் ஒவ்வொரு பள்ளியிலும் அந்தச் சிறுவர் பந்தயங்களை வருஷாவருஷம் நடத்துவது என்ற சாதாரணக் காரியத்தை மட்டும் யாரும் தம் தலைமேல் போட்டுக்கொள்ளவில்லை. அந்நாளில் ஆட்டக்காரனுக்குப் போலீஸிலும் ராணுவத்திலும் ரயில்வேயிலும் உத்தியோகம் இருந்தது, ஆகவே மனசை ஆட்டத்தில் வைக்க முடிந்தது என்பதும் உண்மை. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

பெருநிலத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, போர்ட் பிளேர் என்ற பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிய பின்னும் பெயர் தவிர வேறு பெரிதும் மாறாத இந்தத் தலைநகரின் விளிம்பில் வாழும் எங்களுக்கு, பெரிய மைதானமும் வெளியூர்ப் பயிற்சியாளரும் எப்போது வரும் என்று காத்திருப்பது பழகிப்போயிற்று. வருஷத்தில் சுமார் மூவாயிரம் மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். கடிகாரமோ குஜராத்துக்கும் எங்களுக்கும் ஒன்றே. நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடுகிறது, பள்ளியிலிருந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டு திடலில் இறங்கும் பையனுக்கு வெளிச்சம் கைப்பிடி அளவுதான் மிஞ்சுகிறது. ஆனால் ரஹீமின் பந்தயங்களுக்கு முழு மைதானம் தேவைப்படவில்லை, முழு மாலையும் தேவைப்படவில்லை. பக்கத்துக்கு ஐந்து பேர், அரை மணி நேரம், ஒரு பந்து, ஒரு விலக்கு. சரிவான திடல் கூடப் பாதகமில்லை. பந்தைக் காலில் வைத்துக்கொள்ளாமல் உடனே கொடுப்பவனுக்குச் சரிவு பெரிய எதிரியல்ல.

பத்துபஸ்தி, புரோத்ராப்பூர், காராச்சர்மா ஆகிய மூன்று ஊர்ப் பையன்களையும் சேர்த்து, சனிக்கிழமை தோறும் அப்படி ஒரு பந்தயம் நடத்தலாம் என்று இங்குள்ள ஆசிரிய நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்; ஒரு வாரம் கொடுத்து ஆடும் ஆட்டம், மறு வாரம் பலவீனமான கால் ஆட்டம். ஆரம்பத்தில் பையன்கள் முணுமுணுப்பார்கள். நன்றாக ஆடுகிறவன்தான் அதிகம் முணுமுணுப்பான், சிலர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த வாரங்களில் விதியைத் தளர்த்தாமலும் பையன்களைத் திட்டாமலும் விசிலோடு நிற்கக்கூடிய ஒருவர் வேண்டும். இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மழை தொடங்குவதற்கு முன், ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடுவது என்று பேச்சு.